கல்லல் தேக்கும் தொண்டிப் படகும்

கைமரத்தின் நுனியை ஆசாரி கட்டைவிரலால் அமுக்கினார். நகக்கண் வரை விரல் உள்ளே போயிற்று. பர்மாத் தேக்கு அது. அதே மரத்தில் நான்கடி தள்ளி உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். உளிதான் துள்ளித் திரும்பியது.

“மரத்துல குத்தமில்லண்ணே. அங்கிட்டுப் பாருங்க” என்று மேலே கைகாட்டினார். இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேரும் கூடல்வாயில் ஒரே ஒரு நாட்டு ஓடு விலகிக் கிடந்தது. நான்கு விரல் நுழையும் இடைவெளி. பல ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

நான் கல்லலுக்குப் போனது ஒரு நண்பருக்காக. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பூர்விக வீட்டில் அவருடைய தாயார் மட்டும் இருக்கிறார். அடுத்த மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். அக்கினி நட்சத்திர வெயிலில் காரைக்குடியில் பஸ் ஏறி வந்து இறங்கினேன். செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லல் அவர்கள் வழியில் வருவதில்லை. காரைக்குடி - மானாமதுரை ரயில் பாதையில் ஒரு சிறு நிலையம், சோமசுந்தரேசுவரர் கோயில், நீண்ட நேர்த்தெருக்கள், அவற்றில் இருபுறமும் பூட்டிய வீடுகள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் அளவுக்கு நீளமான வீடுகள் இங்கேயும் உண்டு.

இந்த மரமெல்லாம் எப்படி வந்தது என்பது ஊரறிந்த கதை. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கைக்கு வந்திருந்தது. வட்டிக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக வந்த நிலம். அந்தச் செல்வத்தோடு தேக்கும் கப்பலேறியது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது எல்லாம் போயிற்று. காட்டு வழியே நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. அங்கே விட்டுவந்த நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. இங்கே தூணாகவும் உத்திரமாகவும் நின்ற மரம் மட்டும் மிஞ்சியது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின.

நண்பரின் தாயார், ஆச்சி, முகப்பில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க அப்பச்சி இருந்தவரைக்கும் சித்திரை பொறந்தா ஓடு மாத்துற ஆள் வந்துரும் தம்பி. ஒடஞ்ச ஓட்டை எடுத்துட்டு நல்ல ஓட்டைச் சொருகுவாக. மிச்சத்தை எல்லாம் பிரிச்சு மறுபடி அடுக்குவாக. அதுக்கப்பறம் யாரு இருக்கா ஏத்திவிட?”

அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு மரத்தின் சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தூண் எதுவும் தரையில் ஊன்றப்படவில்லை. ஒவ்வொன்றும் செதுக்கிய கல் பாதத்தின் மேல் நிற்கிறது. மண்ணின் ஈரம் கல்லோடு நின்றுவிடும். உத்திரமும் கைமரமும் மறைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரிகின்றன. வளவின் நடுவே வானம் திறந்திருப்பதால் பத்தியெங்கும் காற்று ஓடுகிறது. மழைச்சாரல் பட்டாலும் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதற்குப் பிழைப்பில்லை. நனைந்து நனைந்து காயும் மரம் நூறாண்டு நிற்கும். நனைந்தது காய வழியில்லாமல் போனால் தேக்கே ஆனாலும் இந்தக் கைமர நுனியின் கதிதான். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில், குப்பை அடைத்துக் காற்றுப் போகாத மூலையில் அது மாட்டிக்கொண்டிருந்தது.

ஆசாரி அழுகிய இரண்டடியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டைச் சாய்வெட்டாக ஒட்டுப்போடத் தீர்மானித்தார். இன்னும் மூன்று கைமரங்களும் அதே மூலையில் கெட்டிருந்தன. மூன்றாங்கட்டில் ஏற்கெனவே விழுந்துபோன ஒரு தாழ்வாரத்தின் தேக்குச் சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. அதில் எடுத்ததுபோக மிச்சம் நிறைய இருந்தது.

அந்த மிச்சத்தை வாங்கத்தான் தொண்டியிலிருந்து ஒருவர் குட்டியானை வண்டியோடு வந்து திண்ணையில் காத்திருந்தார். படகுக்காரர். ஆசாரிக்குத் தூரத்துப் பழக்கம். அவருடைய பைபர் படகில் என்ஜின் உட்காரும் கட்டை ஆடுகிறதாம். “நூறு வருசத்துத் தேக்கு போட்டா என் ஆயுசுக்கும் பாக்க வேண்டாம்ல, அண்ணே?” என்றார். ஆசாரி உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சட்டத்தை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழைத்து, சுருளை எடுத்து விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். “எண்ணெய் இன்னும் இருக்கு. வீட்டுக்குன்னா கண்ணை மூடிட்டுத் தருவேன். உங்க பைபர் பசை இதைப் புடிக்குமான்னு எனக்குத் தெரியாதே. நானும் வர்றேன், பாப்போம்” என்றார். எனக்கும் வண்டியில் இடம் கிடைத்தது.

கல்லலிலிருந்து தொண்டிக் கடல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தேவகோட்டை தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். செம்மண் வெளுத்து, பனை கூடி, கண்மாய்க் கரைகளில் கருவேலம் வரும். சீமைக் கருவேலத்தைச் சொல்லவில்லை. அது எங்கும்தான் கிடக்கிறது. நாட்டுக் கருவேலம். வளைந்து வளர்ந்த அதன் கிளைகள்தான் மரப்படகின் வங்குக்கால்களுக்கு உகந்தவை. படகின் வயிறு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்த கிளையைத் தேடி எடுத்து அறுத்தால் நார் அறுபடாமல் முழு வலுவோடு நிற்கும். படகு கட்டும் ஓடாவிகள் கண்மாய்க் கரையில் நின்று மரத்தைப் பார்க்கும்போதே படகின் வங்கைப் பார்த்துவிடுவார்கள் என்று படகுக்காரர் சொன்னார். அவருடைய தகப்பனார் வைத்திருந்தது மரவள்ளம்.

திருவாடானையில் டீ குடித்தோம். அங்கிருந்து மதுரை - தொண்டி நெடுஞ்சாலை. கொச்சியில் புறப்பட்டு மூணாறு, தேனி, மதுரை வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில் கடலைத் தொட்டு முடிகிறது.

பாக் நீரிணையின் கரையைப் பார்த்தவர்களுக்கு அது கடலா ஏரியா என்று சந்தேகம் வரும். அலை இல்லை. ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். படகுகளைக் கரையில் இழுத்துப் போடுவதைவிட முழங்கால் தண்ணீரில் நங்கூரமிட்டு நிறுத்துவதே அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு, நாட்டுப்படகுகள் போய்வரலாம். ஆனாலும் மராமத்துக்கு உகந்த காலம் என்று பலர் இந்த வெயிலில்தான் படகை மேலே ஏற்றுகிறார்கள். வெயில் கொளுத்தினால்தான் மரம் காயும்.

நம்மவருடைய படகு 28 அடி. மணலில் தென்னங்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். வெளியே நீலமும் வெள்ளையும் வெளுத்துப் போயிருந்தாலும் ஓடு திடமாக இருந்தது. அது தொண்டியில் பிறந்த படகு அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டுமரங்களும் வள்ளங்களும் சிதறிப்போயின. அரசும் தொண்டு நிறுவனங்களும் பதிலுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பகுதி பைபர் படகுகள். கட்டுமரத்தில் போன ஒரு தலைமுறை ஓரிரு ஆண்டுகளில் பைபருக்கு மாறியது. அவசரத்தில் புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. நல்ல வேலையும் நடந்தது, அரைகுறை வேலையும் நடந்தது. இலங்கை மறைத்து நின்றதால் பாக் நீரிணைப் பக்கம் சேதம் அவ்வளவாக இல்லை. அந்தப் படகுகளில் சில பின்னால் கைமாறி இந்தக் கரைக்கு வந்தன. இது அவற்றில் ஒன்று.

பைபர் மேஸ்திரிக்கு நாற்பது வயதிருக்கும். சுனாமி வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காரைக்காலுக்கு வேலைக்குப் போனவர். அங்கே கற்றதுதான் தொழில். வண்டியில் வந்த தேக்கைத் தடவிப் பார்த்தார். “அருமையான மரம்ணே” என்றார். பிறகு, “இதை நான் உள்ள போட மாட்டேன்” என்றார்.

படகுக்காரர் முகம் சுண்டிவிட்டது. மேஸ்திரி விளக்கினார். பைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓடு. அந்த ஓடு மட்டும் தனியாக நின்றால் அலை அடிக்கும்போது நெளியும். நெளியாமல் இருக்க அடியில் நெடுக்காகக் கட்டைகள் வைத்து, அவற்றையும் இழை போட்டு மூடி ஓட்டோடு ஒன்றாக்குவார்கள். என்ஜின் அந்தக் கட்டைகளின் மேல்தான் போல்ட் போட்டு உட்காரும். கட்டையும் மேல்மூடிய பைபரும் ஒட்டி நிற்கும்வரைதான் பலம். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய், ரெசினைப் பிடிக்க விடாது. ஒட்டியதுபோல் இருக்கும், ஆறு மாத அதிர்வில் உரிந்துகொள்ளும். உரிந்த இடைவெளியில் தண்ணீர் புகும்.

“எண்ணெய் இருக்கதால தானய்யா அது நூறு வருசம் நின்னுச்சு” என்றார் ஆசாரி.

“ஆமாண்ணே. அதனாலதான் இங்க ஆகாது.”

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லலில் எந்தக் குணத்துக்காகக் கப்பல் வைத்துக் கொண்டுவந்தார்களோ, அறுபது கிலோமீட்டர் தள்ளி அதே குணம் மரத்துக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. ஆசாரி கோபித்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டு, “சரி, கெட்டதை மொதல்ல காட்டுங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

என்ஜினை மூன்று கால் நட்டுச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கியாயிற்று. மேஸ்திரி சுத்தியலின் பின்பக்கத்தால் கட்டையை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். முன்முனையான அணியத்துப் பக்கம் ‘டங், டங்’ என்று கணீரென்ற சத்தம். என்ஜின் இருந்த இடத்துக்கு வரவர ‘தொப், தொப்’ என்று செத்த சத்தம். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதைப் போல. சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் சின்ன டிரில்லால் ஒரு துளை. நல்ல இடத்தில் வெளிர்த்தூள் உதிர்ந்தது. கோட்டைத் தாண்டித் துளைத்தபோது தூள் வரவில்லை. காபிச் சக்கைபோலக் கறுத்த ஈரம் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெட்டுவதற்கு முன்னால் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. படகின் அடியில் இன்னும் ஆறு இடத்தில் மணல்மூட்டை வைத்து முட்டுக் கொடுத்தார். அணியத்திலிருந்து பின்பலகை வரை நூல் பிடித்து, நூலுக்கும் அடிக்கும் இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து படகின் உள்சுவரிலேயே எழுதி வைத்தார். உள்ளே எலும்பை எடுத்துவிட்டால் ஓடு தன் எடையிலேயே தொய்ந்துபோகும். தொய்ந்த நிலையில் புதுக்கட்டை வைத்து ஒட்டிவிட்டால் படகு அந்தக் கோணலிலேயே இறுகிவிடும், பிறகு நேராக ஓடாது. இதே காரணத்துக்காக இரண்டு கட்டைகளையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம்.

கிரைண்டரால் கட்டையின் மேல்மூடியை மட்டும் அறுத்தார். பக்கச் சுவர்களில் அடியோடு சேர்ந்த இரண்டு அங்குலத்தை விட்டுவைத்தார். புது இழை வந்து பிடிக்க அது வேண்டும். மூடியை நெம்பித் தூக்கியதும் முதலில் வந்தது நாற்றம். மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். பிறகு தண்ணீர். கறுப்பாக, ஒரு சொம்பு அளவுக்கு, சாய்ந்த பக்கமாக ஓடி வழிந்தது. மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. ஆசாரி கைவிட்டு ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. கையை விரித்தார். நார்கூட மிஞ்சாமல் சதுரம் சதுரமாக உடைந்த பழுப்புத் துண்டுகள். காலையில் கல்லல் கூரையில் பார்த்த அதே துண்டுகள்.

“இது கடல் தண்ணியில்ல” என்றார் மேஸ்திரி. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “மழைத்தண்ணி.”

பலருக்குத் தெரியாத விஷயம் இது. படகின் மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல. உப்பு, பூஞ்சைக்கு ஆகாது. மரப்படகுக்குக் கடலில் எதிரி கப்பல்புழு. அது வெளியிலிருந்து துளைக்கும். அதற்கு அஞ்சித்தான் அப்பாமார் காலத்தில் மீன் எண்ணெய் பூசினார்கள், அடிக்கடி கரையேற்றிக் காயவைத்தார்கள். கப்பல்புழு இல்லாத கடலில், காற்றுப் புகாத ஆழத்தில் மரம் எவ்வளவு காலமும் கிடக்கும். ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 1628இல் முழுகிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் தூக்கியபோது அதன் ஓக் மரம் உருக்குலையாமல் இருந்தது. பைபர் வந்தபோது புழுப் பயம் தீர்ந்தது. ஆனால் உள்ளே மூடிவைத்த கட்டைக்கு மழைநீர் எமனாக வந்தது. பைபர் ஓட்டுக்குள் ஒரு முறை புகுந்த நீருக்கு வெளியேற வழியே இல்லை. வெயிலில் சூடாகும், ஆவியாகும், மூடியின் உட்புறம் குளிர்ந்து மறுபடி மரத்திலேயே இறங்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு அமையாது.

புகுந்த வழி எது? நாங்கள் மூவரும் குனிந்து தேடினோம். அறுத்த மூடியைத் திருப்பிப் போட்டு எண்ணினேன். பதினொரு துளைகள். நான்கு என்ஜின் போல்டுகள். மிச்சம் ஏழும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் போட்ட ஸ்குரூ. பேட்டரிப் பெட்டிக்கு இரண்டு, குழாய்க் கொக்கிக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாத நான்கு. ஒன்றில்கூட ரெசினோ பசையோ வைத்து அடைக்கவில்லை. போதாததற்கு, சில வருடங்களுக்கு முன் கட்டை லேசாக ஆடியபோது யாரோ ஒருவர் திறந்து பார்க்காமலே மேலே இரண்டு அடுக்கு இழை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய வேலை. பழைய பைபர் படகு மராமத்தில் மன்னிக்கக் கூடாத தவறு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு செலவாகும், படகு பளபளக்கும், உள்ளே அழுகல் இரட்டிப்பு வேகத்தில் போகும்.

பின்பலகையையும் தட்டிப் பார்த்தார்கள். வெளிப்பொருத்து மோட்டார் மாட்டும் படகுகளில் முதலில் போவது அதுதான். இரண்டு பைபர் ஓடுகளுக்கு நடுவே பிளைவுட். மோட்டாரின் கனமும் உதறலும் முழுக்க அதன் தலையில். இந்தப் படகில் மோட்டார் உள்ளே இருந்ததால் பலகை தப்பியிருந்தது.

கெட்டதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகு பத்து நாள் சும்மா காய வேண்டும் என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. படகுக்காரருக்கு அவசரம். “ஈர மரத்துல ரெசின் நிக்காதுண்ணே. நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க” என்று அவர் சொன்னதும் அடங்கினார். நாங்கள் கல்லலுக்குத் திரும்பினோம். தேக்கு தொண்டியிலேயே கிடந்தது.

இந்தப் பத்து நாளில் கல்லல் கூரை வேலை முடிந்தது. கண்ணாடி இழைப் படகைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்த்து அமெரிக்காவின் ஒஹாயோவில் ரே கிரீன் என்பவர் சிறு பாய்ப்படகு செய்தது 1942இல் என்கிறார்கள். நகரத்தார் பர்மாவை விட்டு நடந்த அதே ஆண்டு. நம் கரைக்கு அது வந்து சேர நாளாயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் ஏறி இறங்கத் தக்க படகுகளை 1980களில் செய்து சோதித்தது. 1957இல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இன்னொரு வழியில் போனது. ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி, வெளியே பைபர் போர்த்திப் படகு கட்டிக் காட்டியது. மலிவான மரத்தையும் சரியாகக் காயவைத்து, மருந்தூட்டி, ஈரம் புகாமல் போர்த்தினால் கடலில் நிற்கும் என்பது அதன் பாடம்.

பதினோராம் நாள் விடியற்காலை மறுபடி தொண்டி. மேஸ்திரி ஆறு மணிக்கே தொடங்கியிருந்தார். புதுக்கட்டைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், மூன்று அடுக்கு சேர்த்து ஒட்டியது. ‘ஐ.எஸ். 710’ என்ற முத்திரை பலகையின் முகத்தில் இருந்தது. கடையில் “வாட்டர் புரூஃப் தான்” என்று சொல்லிக் கொடுக்கும் சாதாரணப் பலகை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். பழைய கட்டையின் வடிவத்தை அட்டையில் வரைந்து, படகின் அடி வளைவுக்கேற்ப ஆசாரி இழைத்துக் கொடுத்தார். முனைகளை உருட்டினார். கூர்முனையில் இழை படியாது, காற்று நிற்கும்.

பலகையின் வெட்டுமுகங்களில் ரெசினை மூன்று முறை குடிக்கக் கொடுத்தார்கள். நார்முனை வழியேதான் மரம் தண்ணீர் குடிக்கும். அதனால் முதலில் அங்கே ரெசினைக் குடிக்க வைப்பது. பிறகு ரெசினும் டால்க் மாவும் குழைத்த புட்டியைப் படகின் அடியில் மெத்தைபோல் போட்டு, அதன்மேல் கட்டையை இறக்கினார்கள். கட்டை நேரே ஓட்டைத் தொட்டு நின்றால் அந்த ஒரு கோட்டில் அழுத்தம் விழுந்து ஓடு விரியும். இரண்டு பக்க மூலைகளிலும் புட்டியை வழித்து, பிளாஸ்டிக் மூடியின் வளைந்த விளிம்பால் ஒரே இழுப்பில் குழிவாக இழுத்துவிட்டார் மேஸ்திரி. கையில் பவுடர் பூசிக்கொண்டு, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு இழை போடத் தொடங்கினார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ஒன்று, அதன்மேல் பின்னிய ரோவிங் ஒன்று, மறுபடி மேட். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் தள்ளி ஓட்டில் படர வேண்டும். உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றினார். வெள்ளையாக இருந்த இழை ரெசின் குடித்ததும் கண்ணாடிபோலத் தெளிந்தது. எங்கே வெள்ளை மிச்சமிருக்கிறதோ அங்கே காற்று.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கலக்கும்போது மட்டும் மேஸ்திரி யாரோடும் பேசவில்லை. எடைக்கு 1 முதல் 2 சதவீதம்தான். தொண்டி வெயிலுக்கு ஒன்றுக்குமேல் போகக் கூடாது. கோபால்ட் முதலிலேயே ரெசினில் கலந்திருக்கும். அதையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகும். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்திருந்தார். ஒன்பதரை மணிக்கு மக்கில் மிச்சமிருந்த ரெசின் தானே சூடேறிப் புகைந்து, படபடவென்று விரிசல் விட்டது. “போதும். இனிச் சாயங்காலந்தான்” என்று கையைக் கழுவினார்.

போல்ட் துளைகளை அவர் போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்தார். துளை முழுக்க ரெசினும் நறுக்கிய இழையும் நிரப்பி இறுகவிட்டார். மறுநாள் அந்த இறுகிய நடுவில் போல்ட் அளவுக்குத் துளைத்தார். போல்ட் இனி மரத்தைத் தொடாது. நான்கே துளை. பேட்டரிப் பெட்டிக்குத் துளை கேட்டபோது மறுத்துவிட்டு, ஒட்டிய தாங்கி ஒன்று வைத்துக் கொடுத்தார்.

தேக்கு வீணாகவில்லை. இரண்டு குறுக்குப் பலகைகளும், படகின் விளிம்பைச் சுற்றி உராய்வு தாங்கும் சட்டமும் அதில்தான். அது ஆசாரியின் யோசனை. பைபருக்குள் புதைக்காமல் வெளியே, கழற்றி மாட்டும்படி போல்ட் போட்டது. எண்ணெய் ஊறிய மரத்துக்கு மழையும் வெயிலும் காற்றும் படும் இடம். சட்டத்தைத் தடவிக்கொண்டே, “இது இங்க பொழச்சுக்கும்” என்றார். படகுக்காரர், ஆச்சிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பையில் கணவாய்க் கருவாடு கட்டிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் படகு தண்ணீரில் இறங்கியது. ஐப்பசி அடைமழை முடிந்ததும் ஆச்சியிடம் போனில் கேட்டேன். அந்த மூலை ஒழுகவில்லை.

பழைய பைபர் படகு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காமல் சுத்தியலைக் கொண்டுபோய்த் தட்டிப் பாருங்கள். வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் எல்லா ஸ்குரூத் துளைகளையும் அடையுங்கள், கரையில் நிற்கும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றிவையுங்கள். கல்லலிலும் சுற்றுப்பட்டிலும் பூட்டிய வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஆவணி முடிவதற்குள் ஓர் ஆளைக் கூரையில் ஏற்றுங்கள். முதலில் கூடல்வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.